இங்கிலாந்துக் கிராமத்து மாளிகையில் இரண்டு இரவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனுக்கு வரும் சொந்தக்காரர்களும் நண்பர்களும் டவர் பிரிட்ஜ், அரண்மனை எல்லாம் பார்த்து முடித்ததும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: “ஊருக்கு வெளியே பெரிய தோட்டத்தோடு இருக்கிற அந்தப் பழைய மாளிகைகளில் தங்க முடியுமா?” முடியும். அப்பாவின் அறுபதாம் கல்யாணத்தை ஒட்டி அப்பா அம்மாவை முதல் தடவை கூட்டிப் போனேன். அதிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது ஏதோ ஒரு வீட்டுக்குப் போய்விடுகிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் தனித்தனியாக எழுதிய பதில்களை இங்கே சேர்த்துப் போட்டிருக்கிறேன்.

கன்ட்ரி ஹவுஸ் ஹோட்டல் என்பது ரிசார்ட்தானே?

இல்லை. ரிசார்ட், விருந்தாளிகளுக்காகவே கட்டியது. இது ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு. காரைக்குடிப் பக்கம் செட்டிநாட்டு வீடுகளை ஹோட்டலாக்கியிருக்கிறார்களே, அதை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். அறைகள் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. ஒன்று வீட்டுக்காரியின் படுக்கையறையாக இருந்திருக்கும், இன்னொன்று குழந்தைகளும் ஆயாவும் படுத்த மாடியறை. கீழே கணப்பு எரியும் கூடம், புத்தக அறை, டிராயிங் ரூம் என்று வரிசையாக இருக்கும். அங்கெல்லாம் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நீங்கள் கொடுக்கும் வாடகையில் பெரும்பங்கு இந்தப் பொது அறைகளுக்கும் வெளியே உள்ள நிலத்துக்கும்தான். அறைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் கொடுத்த காசுக்குப் பாதிகூடக் கிடைக்காது.

இவ்வளவு பெரிய வீடுகளை ஏன் ஹோட்டலாக்கினார்கள்?

வைத்துக் காப்பாற்ற முடியவில்லை, அதனால்தான். இந்த வீடுகள் நின்றது நிலத்துக் குத்தகை வருமானத்தில். 1870களில் அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக மலிவான கோதுமை வந்து இறங்க, இங்கே விளைச்சலுக்கு விலை போய்விட்டது, குத்தகையும் சரிந்தது. 1894ல், ஒருவர் இறந்தால் அவர் விட்டுப்போன மொத்தச் சொத்துக்கும் வரி என்று சட்டம் வந்தது. அப்புறம் முதல் உலகப் போர். தகப்பன் இறந்து வரி கட்டிய சில வருடத்துக்குள் மகனும் போரில் சாக, மறுபடி வரி கட்டின குடும்பங்கள் உண்டு. வேலைக்கு வந்துகொண்டிருந்தவர்களும் தொழிற்சாலைக்கும் நகரத்துக்கும் போய்விட்டார்கள். இரண்டாம் போரில் பட்டாளமும் மருத்துவமனையும் பள்ளிக்கூடமும் பல வீடுகளை எடுத்துக்கொண்டன. திரும்பக் கிடைத்தபோது கூரை ஒழுகியது.

20ஆம் நூற்றாண்டில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாளிகைகளை இடித்தே தள்ளினார்கள். 1974ல் லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் இடிந்துபோன வீடுகளின் படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்திய பிறகுதான் ஜனங்களுக்கு எவ்வளவு போயிருக்கிறது என்றே உறைத்தது. மிச்சமிருந்தவற்றில் சிலது பள்ளிக்கூடமாயின, சிலதை நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை எடுத்துக்கொண்டது, சிலது ஹோட்டலாயின. இந்த வகை ஹோட்டலுக்குத் தொடக்கம் என்று பலரும் சொல்வது, லேக் டிஸ்ட்ரிக்டில் அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் பிரான்சிஸ் கோல்சன் என்பவர் 1948ல் திறந்த ஷாரோ பே. நாட்டில் சாப்பாட்டுக்கு ரேஷன் இருந்த காலம் அது. அந்த ரேஷன் 1954 வரை நீடித்தது. அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்கு வந்தவர்களுக்கு வயிறார நல்ல சாப்பாடு போடுவது என்று ஒருவர் ஆரம்பித்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மரியாதை வருகிறது. அந்த வீடு 2020ல் மூடப்பட்டுவிட்டது. அது போட்ட வழிதான் மற்ற எல்லாருக்கும்.

நிறைய வீடுகள் இருக்கின்றனவே, எதைத் தேர்ந்தெடுப்பது?

நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், வீட்டின் கதையைப் பாருங்கள். உங்களுக்கு எது பிடிக்குமோ அதற்கு ஏற்ற வீடு இருக்கிறது.

சரித்திரம் பிடிக்குமென்றால் பக்கிங்ஹாம்ஷரில் எயில்ஸ்பரி பக்கத்தில் உள்ள ஹார்ட்வெல் ஹவுஸ். பிரெஞ்சுப் புரட்சியில் தலை இழந்த பதினாறாம் லூயியின் தம்பி, பிற்பாடு பதினெட்டாம் லூயி என்று அரசாண்டவர், 1809 முதல் 1814 வரை தன் பரிவாரத்தோடு இங்கேதான் அடைக்கலமாக இருந்தார். வந்தவர்கள் அவ்வளவு பேர், பணமோ இல்லை. மாளிகையின் கூரைமேல் தொட்டிகளில் காய்கறி போட்டு, கூண்டில் கோழியும் முயலும் வளர்த்தார்கள். வெளியே புல்வெளியில் நின்று அந்தக் கூரையை அண்ணாந்து பார்த்தபோது, நாட்டை விட்டு வந்தவர்கள் எந்தக் காலத்திலும் முதலில் ஒரு கீரைப்பாத்திதான் போடுவார்கள் போலிருக்கிறது என்று அம்மா சொன்னாள். 2008ல் இந்த ஹோட்டலையும், யார்க் நகரை ஒட்டிய மிடில்தார்ப் ஹாலையும், வேல்ஸில் உள்ள இன்னொன்றையும் அதன் உரிமையாளர்கள் நேஷனல் டிரஸ்டுக்கே கொடுத்துவிட்டார்கள். லாபம் அந்த அறக்கட்டளைக்குப் போகிறது. என் முதல் சிபாரிசு ஹார்ட்வெல், மிடில்தார்ப் இரண்டில் ஒன்றுதான். ஆடம்பரம் கண்ணைக் குத்தாது, வீடு வீடாகவே இருக்கும்.

பிரமாண்டம் வேண்டுமென்றால் தேம்ஸ் நதிக்கு மேலே குன்றில் நிற்கும் கிளிவ்டன். முதல் இரண்டு வீடுகளும் தீயில் போக, இப்போது இருப்பதை 1851ல் சார்ல்ஸ் பாரி கட்டினார். லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவரும் அவர்தான். நாடாளுமன்றத்தில் போய் அமர்ந்த முதல் பெண் உறுப்பினரான நான்சி ஆஸ்டர் வாழ்ந்த வீடு. 1961 ஜூலையில் இங்கே நீச்சல் குளத்தருகில் கிறிஸ்டின் கீலர் என்ற இளம்பெண்ணோடு நடந்த ஒரு சந்திப்புதான், இரண்டு வருடம் கழித்து அமைச்சர் புரோஃப்யூமோவின் பதவியைப் பறித்தது. தோட்டமும் நிலமும் நேஷனல் டிரஸ்டுடையது. பகலில் டிக்கெட் வாங்கி வருகிறவர்கள் கூட்டம் இருக்கும். அவர்கள் போனதும் அந்தி நேரத்தில் அத்தனை பெரிய தோட்டமும் தங்குகிறவர்களுக்கு மட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே தங்கலாம்.

செடி கொடியில் ஆசை உள்ளவர்களுக்கு வெஸ்ட் சஸெக்ஸில் கிரேவ்டை மேனர். 1598ல் கட்டியது. வில்லியம் ராபின்சன் என்ற தோட்டக்கலை மேதை 1880களில் இதை வாங்கி, 1935ல் சாகும்வரை இங்கே வாழ்ந்தார். பூச்செடிகளைக் கோலம் போட்டதுபோல வரிசையில் அடக்கி வைத்த காலத்தில், அவற்றை இயற்கையாக வளரவிடுங்கள் என்று வாதாடியவர். முட்டை வடிவத்தில் சுற்றுச்சுவர் எழுப்பிய அவருடைய காய்கறித் தோட்டத்திலிருந்துதான் இன்றும் சமையலறைக்குக் காய் போகிறது.

புதுமையும் வசதியும் வேண்டுமென்றால் சாமர்செட்டில் தி நியூட். ஹாட்ஸ்பென் ஹவுஸ் என்ற பழைய வீட்டைத் தென்னாப்பிரிக்கத் தம்பதி வாங்கி 2019ல் ஹோட்டலாகத் திறந்தார்கள். ஆப்பிள் தோப்பு, ஆப்பிள் மது செய்யும் சைடர் ஆலை, பழைய ரோமானிய வீடு ஒன்றைப் போலவே திரும்பக் கட்டியது என்று ஒரு நாள் முழுக்கச் சுற்றலாம். பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும்.

எவ்வளவு செலவாகும்?

இரண்டு பேருக்கு ஓர் இரவு 300 பவுண்டுக்குள் கிடைத்தால் நல்ல விலை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்பெற்ற வீடுகளில் 500ஐத் தாண்டும், நல்ல சீசனில் அதற்கும் மேலே. காட்டும் விலையில் 20 சதவீத வாட் வரி சேர்ந்தே இருக்கும், கடைசியில் தனியாக ஏறாது. காலை உணவு பெரும்பாலும் உள்ளடக்கம். இரவு உணவோடு சேர்த்து ஒரு விலை சொன்னால் அதை எடுப்பதுதான் லாபம். சுற்றுவட்டாரத்தில் வேறு சாப்பாட்டுக்கடை இருக்காது, இருட்டில் பத்து மைல் காரோட்டிப் போய்ச் சாப்பிட்டுத் திரும்ப மனசும் வராது.

ஞாயிறு முதல் வியாழன் வரை குறையும். ஜனவரி, பிப்ரவரியில் இன்னும் குறையும். பணத்தைப் பிரித்துச் செலவழிக்க நான் சொல்லும் வழி இது: பெரிய வீட்டில் சின்ன அறை எடுங்கள். கூடமும் தோட்டமும் கணப்பும் எல்லாருக்கும் ஒன்றுதான்.

ஓர் இரவு போதாதா?

போதாது. மூன்று மணிக்கு மேல்தான் அறை தருவார்கள், மறுநாள் பதினொரு மணிக்குள் காலி செய்ய வேண்டும். பெட்டியைத் திறந்து மூடுவதற்கே சரியாக இருக்கும். இரண்டு இரவு தங்கினால் நடுவில் ஒரு முழு நாள் கிடைக்கும். அந்த நாளில் எங்கும் போகாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு பார்க்கவும் ஸ்டோன்ஹெஞ்ச் பார்க்கவும் சாதாரண ஹோட்டலில் தங்கிப் போய்வரலாம். இவ்வளவு கொடுத்து இந்த வீட்டில் அறை எடுத்தபின் காலையில் கிளம்பி ராத்திரி வந்து படுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் கடைசியிலிருந்து மே பாதிவரை காடுகளின் தரை முழுக்க நீலமணிப் பூ விரித்திருக்கும். ஜூனில் ரோஜா, இரவு ஒன்பதரை வரை வெளிச்சம். அக்டோபரில் மரங்கள் நிறம் மாறும். டிசம்பரில் மாலை நாலு மணிக்கே இருட்டிவிடும், ஆனால் கணப்பின் அருமை அப்போதுதான் தெரியும். என் ஓட்டு நவம்பருக்கு. கூட்டமில்லை, விலை இறங்கியிருக்கும், வெளியே நடந்துவிட்டு உள்ளே வரும்போது விறகுப் புகை மணக்கும்.

பதிவு செய்யும் முன் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள்: அந்தத் தேதியில் அங்கே கல்யாணம் இருக்கிறதா? வீடு முழுவதையும் கல்யாணக்காரர்கள் எடுத்தால் உங்களுக்கு அறையே கிடைக்காது, பிரச்சினை இல்லை. பாதியை எடுத்தால்தான் கஷ்டம். ஒருமுறை எங்களுக்கு அப்படி ஆனது. டிராயிங் ரூம் பூட்டு, தோட்டத்தில் கூடாரம், நள்ளிரவு வரை பாட்டு. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கார் இல்லாமல் போக முடியுமா?

முடியும், ரயிலில் போய் ஸ்டேஷனிலிருந்து டாக்ஸி. கிளிவ்டனுக்கு லண்டன் பேடிங்டனிலிருந்து டாப்லோ, சுமார் 40 நிமிடம். ஹார்ட்வெல்லுக்கு மேரில்போனிலிருந்து எயில்ஸ்பரி, ஒரு மணி நேரம். கிரேவ்டைக்கு ஈஸ்ட் கிரின்ஸ்டெட், அதுவும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். யார்க்குக்குக் கிங்ஸ் கிராஸிலிருந்து இரண்டு மணி நேரம். சின்ன ஸ்டேஷன்களில் டாக்ஸி நிற்கும் என்று நம்பி இறங்காதீர்கள், செயலியில் தேடினாலும் வண்டி வராது. ஹோட்டலிடமே சொன்னால் உள்ளூர்க்காரர் ஒருவரை ஏற்பாடு செய்து வைப்பார்கள்.

சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் நம் ஊர் லைசென்ஸை வைத்தே 12 மாதம் வரை ஓட்டலாம். இங்கேயும் இடதுபக்கம்தான். கிராமத்துப் பாதைகள் இரு பக்கமும் உயர வேலிச்செடி மூடி, ஒரு வண்டி மட்டும் போகும் அகலத்தில் இருக்கும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் எடுப்பது வழக்கம். கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டுப் போங்கள், அது இங்கே முக்கியம்.

கோட்டு, டை கட்ட வேண்டுமா? சேலை, வேட்டி உடுத்தலாமா?

டை கட்டாயம் என்ற வழக்கம் அநேக இடங்களில் போய்விட்டது. இரவுச் சாப்பாட்டுக்குக் காலர் வைத்த சட்டை, நல்ல பேன்ட், தோல் ஷூ போதும். ஜீன்ஸ், விளையாட்டு ஷூ, அரைக்கால் சட்டையை ராத்திரிக்குத் தவிர்த்துவிடுங்கள். சேலை தாராளமாக உடுத்தலாம். அம்மா அரக்குப் பட்டு கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்கி வந்தபோது கணப்பருகே உட்கார்ந்திருந்த ஒரு வயதான அம்மையார் எழுந்து வந்து, “தொட்டுப் பார்க்கலாமா?” என்று கேட்டு, முந்தானை ஜரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசினார். உள்ளே ஒரு தெர்மல் பனியன் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், இந்த வீடுகளின் நடைபாதைகள் ஜூனிலும் குளிரும்.

பகலில் என்ன உடை என்று யாரும் பார்ப்பதில்லை. சேறு பட்டால் பரவாயில்லை என்கிற கால்சட்டை ஒன்று அவசியம்.

அறை எப்படி இருக்கும்?

அழகாக இருக்கும், ஆனால் நம் ஊர் ஐந்து நட்சத்திர ஹோட்டல் மாதிரி இருக்காது. பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்பதால் சுவரை உடைத்து எதையும் புதிதாக வைத்துவிட முடியாது. பல வீடுகளில் லிஃப்ட் கிடையாது, ஏசி கிடையாது. தரைப்பலகை கிரீச்சிடும். ஜன்னல் கண்ணாடி பழசாக இருந்தால் வெளியே உள்ள மரம் லேசாக நெளிந்து தெரியும். அதை நான் மிகவும் ரசிப்பேன். மூன்று சதுர முனை பிளக் அடாப்டர் எடுத்துப் போங்கள். குளியலறைக்குள் ஷேவர் பிளக் தவிர வேறு இருக்காது, ஹேர் டிரையர் படுக்கையறையில்தான் கிடக்கும்.

நம் ஆட்கள் எல்லாரும் தயங்கித் தயங்கிக் கேட்பது கழிவறை விஷயம். தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். ஒரு ஜக் வேண்டும் என்று ஹவுஸ்கீப்பிங்கில் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்களுக்கு நீலப்பூப் போட்ட பெரிய பீங்கான் ஜாடி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், பூ வைக்கிற ஜாடி. மறுநாளும் துடைத்து அதே இடத்தில் வைத்தார்கள், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. குளிப்பது பல அறைகளில் கால் வைத்த பெரிய தொட்டியில். வெந்நீரும் தண்ணீரும் தனித்தனிக் குழாயில் வரும், வெந்நீர்க் குழாயில் நேரடியாகக் கையை நீட்டிவிடாதீர்கள்.

சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் வந்து படுக்கையை விரித்து, திரையை இழுத்து, விளக்கைக் குறைத்து வைத்துப் போவார்கள். சில வீடுகளில் குளிர் நாளில் போர்வைக்குள் வெந்நீர்ப் பை இருக்கும். கால் நீட்டும் இடத்தில் அந்தச் சூடு படும்போது, யாரோ நம்மை நினைத்துச் செய்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

நன்றாகவே கிடைக்கும், ஆனால் பதிவு செய்யும்போதே விவரமாகச் சொல்லிவிடுங்கள். இங்கே சட்டப்படி 14 ஒவ்வாமைப் பொருள்களைச் சொல்லியாக வேண்டும். பால், முட்டை, கடலை எல்லாம் அதில் வரும். இறைச்சிக் கொழுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் கேட்டால்தான் தெரியும்.

எங்கெங்கே ஒளிந்திருக்கும் என்று சொல்கிறேன். வறுத்த உருளைக்கிழங்கு மாட்டுக் கொழுப்பிலோ வாத்துக் கொழுப்பிலோ வறுத்திருக்கலாம். ஆவியில் வேகவைத்த புட்டிங்குகளில் சூயட் சேர்ப்பார்கள், அதுவும் பழைய வழக்கப்படி மாட்டுக் கொழுப்புதான், இப்போது தாவர சூயட்டும் உண்டு. காய்கறி சூப்பில் கோழிச் சாறு இருக்கலாம். வூஸ்டர் சாஸில் நெத்திலி மீன் வகை ஒன்று இருக்கிறது. பார்மசான் சீஸ் கன்றுக்குட்டி வயிற்றுச் சுரப்பால் உறைய வைத்தது. தளதளவென்று ஆடும் இனிப்புகளில் ஜெலட்டின். இங்கே வெஜிடேரியன் என்றால் முட்டை சேர்த்துத்தான் அர்த்தம், முட்டை சாப்பிடாதவர்கள் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெங்காயம் பூண்டு கூடாதென்றால் ஒரு வாரம் முன்பே எழுதிவிடுங்கள்.

எழுதிக் கேட்டால் செய்து கொடுக்கிறார்கள் என்பதுதான் என் அனுபவம். இரண்டாம் நாள் ராத்திரி அம்மாவுக்கு வேறு எதுவும் இறங்கவில்லை. வெறும் சோறும் கட்டித் தயிரும் அறைக்குக் கேட்டோம். வெள்ளித் தட்டில் மூடி போட்டு வந்தது, ஓரத்தில் ஒரு வெள்ளரித் துண்டு. அம்மா தன் பையிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாயை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே மான் மேய்ந்துகொண்டிருந்தது.

மெனுவில் ‘மலிகடானி சூப்’ என்று இருந்தது. நம் மிளகுத்தண்ணியா?

பெயர் அதேதான். மதராஸில் இருந்த வெள்ளைக்காரர்கள் நம் மிளகுத்தண்ணியைத் தங்கள் சூப்பாக மாற்றி ஊருக்குக் கொண்டு வந்தார்கள். ரசத்தை எதிர்பார்க்காதீர்கள். கறிப்பொடி, ஆப்பிள், பருப்பு எல்லாம் சேர்த்துக் கெட்டியாக இருக்கும், பெரும்பாலும் இறைச்சிச் சாற்றில் செய்வார்கள். காலை உணவில் கெட்ஜரீ என்று பார்த்தால் அது கிச்சடி. அரிசியோடு புகையில் வாட்டிய மீனும் அவித்த முட்டையும் போட்டது. மீன் சாப்பிடுகிறவர்கள் விடக்கூடாது, நல்ல கைப்பக்குவத்தில் அமிர்தமாக இருக்கும்.

காலையில் முழு இங்கிலீஷ் பிரேக்ஃபாஸ்ட் வாங்கினால் அந்தக் கறுப்பு வட்டத் துண்டு பன்றி ரத்தத்தில் செய்தது, தெரிந்து சாப்பிடுங்கள்.

மாலைத் தேநீர் அவசியம் சாப்பிட வேண்டுமா?

ஒருமுறை சாப்பிடுங்கள். மூன்றடுக்குத் தட்டில் கீழே சின்ன சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்ற சின்ன பன், மேலே கேக். கீழிருந்து மேலே போவது முறை. ஸ்கோனைக் கையால் பிட்டு, டெவனில் முதலில் க்ரீம், கார்ன்வாலில் முதலில் ஜாம். இதில் இரண்டு ஊர்க்காரர்களும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். 1840களில் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா, மதியத்துக்கும் ராத்திரிக்கும் நடுவில் பசி தாங்காமல் ஆரம்பித்த வழக்கம் என்று சொல்வார்கள். அது முழுச் சாப்பாட்டுக்குச் சமம். அன்று ராத்திரி டின்னர் இருந்தால் வேண்டாம், ஒரு டீயும் ஒரு ஸ்கோனும் வாங்கினால் போதும்.

இரவுச் சாப்பாட்டில் ஏதோ முறை இருக்கிறதாமே?

இருக்கிறது, பயப்படாதீர்கள். நேராக மேஜைக்குப் போக மாட்டீர்கள். ஏழு மணி வாக்கில் டிராயிங் ரூமில் உட்கார வைத்து, குடிக்க ஏதாவது கொடுத்து, வாய்க்கு வைக்க இரண்டு மூன்று துணுக்குகள் தருவார்கள். மெனு அங்கேயே வரும், அங்கேயே சொல்லிவிட வேண்டும். முதல் பதார்த்தம் தயாரானதும் வந்து கூப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்துக் காபிக்கு மறுபடி கணப்பருகே வரலாம். மொத்தம் மூன்று மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினால் அவர்களுக்கும் சிரமம், உங்களுக்கும் ருசி இல்லை. மது சாப்பிடாதவர்கள் கூச்சப்பட வேண்டாம், எல்டர்ஃபிளவர் என்ற பூவில் செய்த பானம் கேளுங்கள்.

கத்தி முள்கரண்டி வெளியிலிருந்து உள்ளே எடுப்பது. மறந்துபோனால் புதிதாகக் கொண்டுவந்து வைப்பார்கள், அவ்வளவுதான்.

பகல் முழுக்க அங்கே என்ன செய்வது?

நடப்பது. பின்வாசலில் ரப்பர் பூட்ஸ் வரிசையாக, உள்ளங்காலில் அளவு எழுதி வைத்திருப்பார்கள். ஒன்றை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 1,40,000 மைல் நீளத்துக்குப் பொதுப்பாதை இருக்கிறது. தனியார் வயலுக்கு நடுவே போனாலும் நடக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு. எந்த நாட்டிலிருந்து வந்தவருக்கும் அந்த உரிமை உண்டு என்பது இந்த ஊரில் நான் மிகவும் நேசிக்கும் விஷயம். நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுவை விட்டுச் சுற்றிப் போங்கள்.

வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கும்போது புல்வெளி அப்படியே போய் ஆடு மேயும் வயலில் கலப்பது போலத் தெரியும், நடுவில் வேலியே இருக்காது. ஆடுகள் ஏன் இந்தப் பக்கம் வருவதில்லை என்று அப்பாவுக்கு ஒரே யோசனை. நடந்து போய்ப் பார்த்தோம். தரையைப் பள்ளமாக வெட்டி, நம் பக்கத்தில் செங்குத்தாகச் சுவர் கட்டி, அந்தப் பக்கம் சரிவாக விட்டிருந்தார்கள். அதன் பெயரே ‘ஹா-ஹா’. அப்பா பொதுப்பணித்துறையில் இருந்தவர். அந்தச் சரிவில் உட்கார்ந்து, தண்ணீர் எங்கே வடிகிறது என்று கண்டுபிடிக்காமல் எழுந்திருக்க மறுத்துவிட்டார்.

மழை பெய்தால் புத்தக அறை. குரோக்கே என்ற பந்து விளையாட்டு, ஸ்பா எல்லாம் இருக்கும், தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போகலாமா?

சில வீடுகள் குறிப்பிட்ட வயதுக்குக் கீழே பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை, முதலிலேயே கேளுங்கள். பிள்ளைகளுக்கென்றே நடத்தும் வீடுகளும் உண்டு. பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவனில் உள்ள வூலி கிரேஞ்ச் அப்படி ஒன்று. முட்டி வலிக்காரர்களுக்குத் தரைத்தள அறை கேளுங்கள். அது பழைய குதிரைலாயக் கட்டடத்தில் இருக்கலாம். மெயின் வீட்டில் இல்லையே என்று வருந்தாதீர்கள், வசதி அங்கேதான் அதிகம்.

டிப்ஸ் எவ்வளவு?

பில்லில் 12.5 சதவீதம் அளவில் சேவைக்கட்டணம் சேர்த்திருப்பார்கள். சேர்த்திருந்தால் வேறு தர வேண்டியதில்லை. 2024 அக்டோபர் முதல் அந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பெட்டி தூக்கியவருக்கும் அறை பார்த்தவருக்கும் ஐந்து பவுண்ட் கையில் கொடுத்தால் மகிழ்வார்கள்.

இந்த மாளிகைகள் நம் ஊர்ப் பணத்தில் கட்டியவைதானே? அங்கே போய்க் காசு கொடுப்பது சரியா?

நியாயமான கேள்வி. எல்லாம் அப்படி இல்லை, சிலது அப்படித்தான். 1698 முதல் 1709 வரை மதராஸ் புனித ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த தாமஸ் பிட், கோல்கொண்டா வைரம் ஒன்றை அங்கே வாங்கி, 1717ல் பிரெஞ்சு அரசின் பொறுப்பாளருக்கு 1,35,000 பவுண்டுக்கு விற்றார். அந்தப் பணத்தில் கார்ன்வாலில் பொக்கனாக் என்ற பண்ணையை மாளிகையோடு வாங்கினார். இன்று அங்கே கல்யாணம் நடத்த வாடகைக்கு விடுகிறார்கள். வைரம் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. நேஷனல் டிரஸ்ட் 2020ல் தன் வசமுள்ள இடங்களில் 93க்கு அடிமை வாணிகத்தோடோ காலனி ஆட்சியோடோ தொடர்பு உண்டு என்று அறிக்கையாகவே வெளியிட்டது.

என் நிலை இது: தெரிந்துகொண்டு போகிறேன். எந்த வீட்டுக்குப் போனாலும் யார் கட்டினார், பணம் எங்கிருந்து வந்தது என்று அங்கே வேலை பார்ப்பவரிடம் கேட்கிறேன். தெரிந்தவர்கள் மறைக்காமல் சொல்கிறார்கள். காலமும் மாறுகிறது. பக்கிங்ஹாம்ஷரின் ஸ்டோக் பார்க் மாளிகையை 2021ல் 5.7 கோடி பவுண்டுக்கு வாங்கியது ரிலையன்ஸ்.

தங்குமளவு பணமில்லை. பார்க்க மட்டும் முடியுமா?

முடியும். பல வீடுகளில் மதியச் சாப்பாட்டுக்கோ மாலைத் தேநீருக்கோ மட்டும் முன்பதிவு செய்து போகலாம். சாப்பிடும் நாளில் தோட்டத்தில் நடக்க விடுவார்களா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள். கிளிவ்டன் தோட்டத்துக்கு நேஷனல் டிரஸ்ட் டிக்கெட் போதும். தங்கியவர்களும் கிளம்பும் நாளில் பதினொரு மணிக்கு அறையை விட்டுவிட்டு, பெட்டியைக் கூடத்தில் கொடுத்துவிட்டு, ரயில் நேரம் வரை தோட்டத்தில் இருக்கலாம். பூட்ஸையும் அதுவரை திருப்பிக் கேட்க மாட்டார்கள்.